பெரிய பெயின்டரின் மலைகள்

பெரியப்பாவின் இடது கட்டைவிரல் நகத்தில் எப்போதும் ஒரு நிறம் இருக்கும். பெயிண்டைக் கலக்கியதும் குச்சியின் நுனியிலிருந்து ஒரு சொட்டை அந்த நகத்தில் விட்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். டப்பாவுக்குள் இருக்கும் நிறத்தை நம்பக்கூடாது, நகத்தில் காய்ந்த பிறகு தெரிவதுதான் நிஜம் என்பார். பள்ளிக்கூட நாட்களில் அவர் கையைப் பார்த்தே பட்டறையில் எந்த வண்டி நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். மஞ்சள் என்றால் பள்ளிக்கூட வண்டி. கருநீலம் என்றால் ஏதோ கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வண்டி. வளையம் வளையமாகப் பல நிறம் இருந்தால் சுற்றுலா பஸ், அந்த வாரம் முழுக்க பெரியப்பா வீட்டில் சிரித்த முகமாக இருப்பார். துக்க வீட்டுக்குக்கூட அந்த நகத்தோடுதான் கிளம்புவார். பெரியம்மா பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் நனைத்த துணியோடு வாசல்வரை துரத்துவார்.

"இது என் அடையாள அட்டைடி. அழிச்சிட்டா பட்டறைல உள்ள விட மாட்டாங்க."

"அப்ப துக்க வீட்ல விட மாட்டாங்க. பரவாயில்லையா?"

பஸ்ஸுக்குக் கூடு கட்டும் பட்டறை அது. எஞ்சினும் சக்கரமும் மட்டுமாக, எலும்புக்கூடு போல ஒரு வண்டி உள்ளே வரும். தகரம் அறைந்து, பட்டி பூசித் தேய்த்த பிறகு பெயிண்ட் அறைக்குள் தள்ளுவார்கள். நாலு பக்கமும் அடைத்த நீளமான அறை, சுவரில் புகையை இழுக்க ஒரு விசிறி. அங்கே வேலை பார்த்தவர்கள் இரண்டே பேர். பெரியப்பாவைப் பட்டறையில் எல்லோரும் பெரிய பெயின்டர் என்பார்கள். இன்னொருவர் சின்ன பெயின்டர், வயதில் நன்றாக இளையவர். பஸ்ஸின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக நின்று, ஒரே வேகத்தில் முன்னாலிருந்து பின்னாலே நடந்துகொண்டே அடிப்பார்கள். நடுவில் வண்டி இருப்பதால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. ஆனாலும் வண்டியின் முதுகில் இருவரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வார்கள். முந்தியவர் அடித்தது காய்வதற்குள் பிந்தியவர் வரவேண்டும், இல்லாவிட்டால் அந்த இடத்தில் கோடு விழும். அவர்கள் வண்டியில் கோடு விழுந்ததில்லை என்று பட்டறையில் பெருமையாகச் சொல்வார்கள்.

சின்னவர் முதலில் போனார். நுரையீரல் தோலாகக் காய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னதாக அவர் மனைவி அழுதார். பட்டறை முதலாளி ஆள்விட்டுத் தொழிலாளர் அலுவலகத்தில் சொன்னது வேறு: அவர் விடாமல் பீடி குடிப்பார், நாங்கள் முகமூடி கொடுத்தும் போடமாட்டார். சின்னவர் வாழ்க்கையில் பீடியைத் தொட்டதில்லை. பெயிண்ட் அறைக்குள் தீக்குச்சி கொண்டு போகவே பயப்படுகிறவர். அவர் மனைவி அதை எதிர்த்து அலுவலகத்தில் முறையிட்டார். அந்த அறைக்குள் என்ன நடந்தது என்று சொல்ல உலகத்தில் மிச்சம் இருந்தவர் பெரியப்பா மட்டும்தான்.

அப்போது பெரியப்பாவுக்கும் அதே நோய் முற்றியிருந்தது. முதல் மாடியில் இரண்டு அறை வீடு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் இயந்திரம் பகல் முழுக்க உறுமிக்கொண்டிருக்கும். அதன் குழாய் நீளம்தான் அவருடைய உலகத்தின் நீளம். நான் பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான் என்பதால், எதையாவது படிக்கவேண்டும், யாரிடமாவது பேசவேண்டும் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சின்னவர் மனைவி வந்த அன்றும் நான் அங்கே இருந்தேன். அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

"நான் பெருசா ஒண்ணும் கேக்கலண்ணே. நடந்தத நடந்தபடி சொல்லுங்க. பீடி குடிச்சே செத்தான்னு எழுதி வெச்சிருக்காங்க. என் பையன் நாளைக்கு அதப் படிக்கணுமா?"

"சொல்றேம்மா. சொல்லாம எங்க போகப் போறேன்?"

"நீங்க போறதுக்குள்ள சொல்லணும்னுதாண்ணே வந்திருக்கேன்."

பெரியம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பெரியப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க நேரம் பிடித்தது.

அதற்கு மறுவாரம் முதலாளி வந்தார். ஒரு பை நிறையப் பழம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பழைய வண்டிகளைப் பற்றிப் பேசினார். வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது மட்டும், "சும்மா படுத்தே கிடந்தா மனசு கெட்டுப் போயிடும் பெரியவரே. எதையாவது வரைங்க. மிச்ச பெயிண்ட் எவ்வளவோ கிடக்கு, அனுப்பி விடறேன்" என்றார். சொன்னபடி பட்டறை வண்டியில் அரை டப்பா, கால் டப்பாவாக எனாமல் பெயிண்டும் வெட்டி மிஞ்சிய தகரங்களும் வந்து இறங்கின.

இப்படித்தான் பெரியப்பா படம் வரைய ஆரம்பித்தார். அதற்கு முன்னால் அவர் ஒரு பூ வரைந்தும் நான் பார்த்ததில்லை.

தகரத்தை பஸ் மாதிரியேதான் நடத்தினார். முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பு, பிறகு பட்டி, பிறகு பிரைமர். அதற்கப்புறம் பென்சிலால் ஒரு மலை விளிம்பு. விளிம்பை ஒட்டி டேப், டேப்புக்குக் கீழே செய்தித்தாள். வானத்தை அடித்து முடித்துக் காயவைப்பார். பிறகு வானத்தைச் செய்தித்தாளால் மூடிவிட்டு மலைக்கு வருவார். மலையை மூடிவிட்டு வயல், வயலை மூடிவிட்டு ஆறு. படம் முடிகிறவரை அது எப்படி இருக்கிறது என்று வரைகிறவருக்கே தெரியாது. கடைசியில் எல்லா டேப்பையும் உரிக்கும்போது நிறங்கள் மொத்தமாக வெளியே பாயும். ஒன்றோடொன்று கலக்காது. மலையின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல நிற்கும்.

என்ன நிறங்கள்! ஆரஞ்சு வானம். அதற்குக் கீழே ஊதா மலை. கண்ணைக் குத்தும் பச்சையில் வயல். வெள்ளி மினுக்கோடு ஆறு. ஒரு தகரத்தில் கடல் முழுக்கச் சிவப்பு, கரை மட்டும் நீலம். நோயாளி வீட்டின் அழுக்கு வெள்ளைச் சுவரில் அவற்றைச் சாய்த்து வைத்தால், அறைக்குள் யாரோ விளக்குப் போட்டதுபோல இருக்கும். மருந்து கொடுக்க வரும் நர்ஸ், "இவர் உடம்புல இருக்கற ரத்தமெல்லாம் இங்கதான் போகுதா?" என்றார்.

அந்த இடங்கள் எதையும் பெரியப்பா பார்த்ததில்லை. பெயிண்ட் அடிக்க வண்டி கொண்டுவரும் டிரைவர்கள் காத்திருக்கும் நேரத்தில் சொன்ன இடங்கள் அவை. இந்த வளைவில் திரும்பினால் சட்டென்று கடல் தெரியும், அந்த மேட்டில் ஏறினால் அணை தெரியும் என்று அவர்கள் சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார்.

"நான் பெயிண்ட் அடிச்ச வண்டி போகாத ஊர் இல்ல பாப்பா. நான்தான் போகல."

நெடுநாள் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? சாகப்போகிற மனிதனின் ஆசை என்று நினைத்துப் பார்த்தேன், அழகாக இருந்தது. பிறகு டப்பாக்களைப் பார்த்தேன். அந்த வருடம் பட்டறையில் சுற்றுலா பஸ்கள்தான் அதிகம். மிஞ்சியது எல்லாம் கண்ணில் அடிக்கிற நிறம். சாம்பல் பெயிண்ட் மிஞ்சியிருந்தால் அவர் மலைகள் சாம்பலாக இருந்திருக்குமோ? கேட்கத் தைரியம் வரவில்லை.

ஒவ்வொரு படத்துக்கும் அவர் கொடுத்த விலை எங்கள் கண்முன்னால் நடந்தது. ஆக்சிஜன் ஓடும்போது பக்கத்தில் தின்னரைத் திறந்தால் வீடே பற்றிக்கொள்ளும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தார். ஆகவே இயந்திரத்தை நிறுத்தி, மூக்கிலிருந்து குழாயைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியே மாடி நடைபாதைக்குப் போவார். ஸ்டூலில் உட்கார்ந்து பிரஷ்ஷை எடுப்பார். பெரியம்மா வாசற்படியில் நின்று அவர் வாயையே கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"உதடு நீலமாயிடுச்சு. அந்தக் கலரும் மலைக்கு வேணுமா? எழுந்து வாங்க உள்ள."

"இந்த ஓரம் மட்டும்."

"மூச்சு விட வக்கில்ல, மலை வரையறாராம் மலை."

திட்டிக்கொண்டே அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வருவார். டப்பாக்களை ஒருமுறை ஒளித்தும் வைத்தார். அன்று பெரியப்பா சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டதால் பெரியம்மாவே திரும்ப எடுத்து வைத்தார்.

தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு விசாரணை நாள் போனது, இன்னொன்றும் போனது. அக்கா என்னைத் தெருவில் பார்த்து, "நீ படிச்ச பொண்ணு, நீ சொன்னா கேப்பார்" என்றார். படித்ததற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"இந்தப் படம் முடியட்டும் பாப்பா."

அது முடிந்தது. மறுநாளே அடுத்த தகரத்துக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது.

"முதலாளி பெயிண்ட் அனுப்பறார்னு பயப்படறீங்களா பெரியப்பா? பெயிண்ட் வேணும்னா நாம வாங்கிக்கலாம்."

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். பெரியம்மாவும் பக்கத்தில் இருந்தார்.

"மாஸ்க் குடுத்தாங்க பாப்பா. அது நிஜம். ரெண்டு பக்கமும் காத்த வடிகட்டற டப்பா வெச்ச நல்ல மாஸ்க், ஆளுக்கு ஒண்ணு."

"அப்புறம்?"

"நான்தான் கழட்டச் சொன்னேன்."

பஸ் பெயிண்ட் இறுகிக் காய்வதற்காக அதில் ஹார்டனர் என்று ஒன்றைக் கலப்பார்கள். கூடினால் பெயிண்ட் காய்ந்ததும் வெடிப்பு விட்டு நொறுங்கும். குறைந்தால் காயாமல் பிசுபிசுத்துத் தூசியை இழுக்கும். அளந்து ஊற்ற ஜாடி இருந்தது. பெரியப்பா அதைத் தொட்டதில்லை. பெயிண்டைப் பீய்ச்சும் ஸ்ப்ரே கன்னிலிருந்து கிளம்பும் வாசனையை வைத்தே சரியா தப்பா என்று சொல்லிவிடுவார், அதுதான் அவருக்கு அந்தப் பட்டறையில் இருந்த மரியாதை. முகமூடி வந்த முதல் வாரம் இருவரும் அதைப் போட்டுக்கொண்டு ஒரு வண்டி அடித்தார்கள். மூக்கு செத்துவிட்டது. ஒரு பக்கம் முழுக்கக் காயவில்லை, சுரண்டித் தள்ளவேண்டியிருந்தது.

"முதலாளி உள்ள வந்து நின்னார். மூக்க மூடிக்கிட்டு என்ன லட்சணத்துல வேலை நடக்குதுன்னு பாத்தாச்சு, இன்னொரு வண்டி இப்படி ஆச்சுன்னா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்கன்னார். அவர் போனதும் நான் கழட்டிட்டேன். சின்னவன் கழட்டல. அண்ணே, ஜாடில அளந்து ஊத்திக்கலாம், மாஸ்க் இருக்கட்டும்னான். கண்ணெல்லாம் எரியுதுன்னான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"மூஞ்சிய மூடிக்கிட்டு வேலை பாக்க நீ என்ன திருடனான்னு கேட்டேன். சாயங்காலம் பால் குடிச்சா எல்லாம் கீழ இறங்கிடும்னு சொன்னேன். சொல்லிட்டு நானே சிரிச்சேன். அவன் கழட்டிட்டான்."

பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

"முதலாளி மிரட்டினாருன்னு சொல்லணும்னா, அதுக்கப்புறம் நான் சொன்னதையும் சொல்லணும். அவன் பொண்டாட்டி எதிர்ல உக்காந்திருப்பா."

அதன் பிறகு நான் அவரை வற்புறுத்தவில்லை. வற்புறுத்தாமல் இருந்ததும் சரியா என்று தெரியவில்லை.

அவர் வேறு வழி ஒன்றைக் கண்டுபிடித்தார். இருப்பதிலேயே பெரிய தகரத்தை எடுத்து, பல வாரம் செலவழித்து ஒரு பள்ளத்தாக்கை வரைந்தார். அவ்வளவு நிறங்களை அவர் ஒரே படத்தில் வைத்ததில்லை. டேப்பை உரித்த அன்று, அக்காவைக் கூட்டிவரச் சொன்னார்.

"இது உனக்குத்தாம்மா. அவன் இருந்தா அவன் கையால ஒரு பக்கம் அடிச்சிருப்பான்."

அக்கா அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நன்றாகப் பார்த்தார். வெள்ளி ஆற்றை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நல்லா இருக்குண்ணே. கண்ணு கூசுது. ஆனா இத வெச்சு நான் என்ன செய்யறது? ஆபீசர் மேசைல கொண்டு போய் வெச்சா, பீடின்னு எழுதினத அடிச்சிடுவாங்களா?"

பெரியப்பா தகரத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பைச் சுரண்டினார்.

"எனக்கு மலை வேணாண்ணே. வாயத் திறந்து ரெண்டு வார்த்தை வேணும்."

தகரத்தை எடுக்காமலே எழுந்து போய்விட்டார். பெரியப்பா அன்று சாயங்காலம் என் அப்பாவைக் கூப்பிட்டு, அடுத்த விசாரணைக்குத் தான் வருவதாகச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சின்ன ஆக்சிஜன் உருளை ஒன்றை வாடகைக்கு எடுத்தோம். அலுவலகம் மாடியில் இருந்தது. அப்பாவும் ஆட்டோ டிரைவரும் பெரியப்பாவை நாற்காலியோடு தூக்கினார்கள். "பஸ் பெயின்டர்னு சொன்னாங்க, பஸ்ஸே ஏறி வர மாதிரி இருக்கு" என்று டிரைவர் மூச்சுவாங்கியபடி சொன்னார். பெரியப்பாவுக்கு அது பிடித்திருந்தது, லேசாகச் சிரித்தார். படியின் முடிவில் முதலாளியும் அவருடைய வக்கீலும் நின்றிருந்தார்கள்.

"பெரியவரே, சொல்லியிருந்தா வண்டி அனுப்பியிருப்பேனே. இந்த உடம்போட எதுக்கு அலையறீங்க?" முதலாளி குரலில் உண்மையாகவே அக்கறை இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

உள்ளே அதிகாரி ஒரு நடுவயதுப் பெண்மணி. நிதானமாகக் கேட்டார். சின்னவர் பீடி குடிப்பாரா?

"இல்லம்மா. தொட்டதே இல்ல."

அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

"பட்டறைல முகமூடி குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"நீங்க ரெண்டு பேரும் போட்டீங்களா?"

"போடல."

"ஏன்?"

பெரியப்பா அக்காவைப் பார்த்தார். அக்கா, சொல்லுங்க என்பதுபோலத் தலையசைத்தார். அவர் வாயைத் திறந்தார். அப்போது இருமல் வந்தது. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, உடம்பு முழுக்கக் குலுங்கும் இருமல். அந்த இருமல் தானாக வந்ததா, அவர் வரவழைத்ததா என்று எனக்குத் தெரியாது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன், அப்போதும் தெரியவில்லை.

"முடியலன்னா விடுங்க ஐயா. மிச்சத்த அடுத்த தடவை சொல்லலாம்" என்றார் அதிகாரி. அதுவரை சொன்னது மட்டும் தட்டச்சு ஆனது. முகமூடி கொடுத்தார்கள். போடவில்லை. வக்கீல் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார்.

கீழே ஆட்டோவில் ஏற்றும்போது அக்கா பெரியம்மாவிடம், "பாதி சொல்றதுக்கு வராமலே இருந்திருக்கலாம்கா" என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. களைத்துப் போயிருந்தார்.

பிறகு பெரியப்பா எங்களோடு அதிகம் பேசவில்லை. இன்னும் ஒரு தகரத்தை எடுத்தார். குழாயைக் கழற்றிவிட்டு உட்கார்கிற நேரம் நீண்டது. பெரியம்மா திட்டுவதை நிறுத்தியிருந்தார், வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருந்தார். அடுத்த விசாரணைக்குச் சில நாட்கள் இருக்கும்போது, ஒரு மத்தியானம் பெரியப்பா நடைபாதையிலேயே சரிந்துவிட்டார். கையில் பிரஷ் இருந்தது.

காரியங்கள் முடிந்த பின் பெரியம்மா அந்தத் தகரத்தின் செய்தித்தாளை உரித்தார். நீண்ட மஞ்சள் சமவெளி, நடுவில் ஒரு ரோடு, தூரத்தில் சிவப்பாகச் சில குன்றுகள். அவர் வரைந்ததிலேயே வெளிச்சமானது அதுதான். மற்ற எல்லாப் படங்களிலும்போல அதிலும் ஆளில்லை, வண்டியும் இல்லை. முதலாளி துக்கம் விசாரிக்க வந்தபோது அதையும் பள்ளத்தாக்கையும் பட்டறையின் முன் அறையில் மாட்ட விரும்புவதாகச் சொன்னார்.

"எடுத்துட்டுப் போகட்டும். அவர் பெயிண்ட்தானே" என்றார் பெரியம்மா.

அங்கே வருகிறவர்கள் யார் வரைந்தது என்று கேட்கிறார்களாம். எங்க பெரிய பெயின்டர் என்று முதலாளி பெருமையாகச் சொல்கிறாராம்.

விசாரணை நாளன்று பெரியப்பாவுக்குப் பதிலாக நான் போனேன். அவர் எங்களிடம் சொன்னதை, திருடன் என்று கேலி செய்ததுவரை, ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்கா எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த இடம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி முழுக்கக் கேட்டார்.

"நீங்க அந்த ரூம்ல இருந்தீங்களாம்மா?"

"இல்ல."

"அப்ப இத நான் சாட்சியா எடுத்துக்க முடியாது. அவர் வாயால சொல்லியிருக்கணும்."

படி இறங்கும்போது அக்காவிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் மன்னிப்புக் கேட்டேன்.

"நீ எதுக்குக் கேக்கற? அது அவர் எனக்குத் தரவேண்டியது. உன்னால தர முடியாது" என்றார்.

வழக்கு இன்னும் நடக்கிறது. பெரியப்பாவின் வாக்குமூலத்தில் கடைசிக் கேள்வி 'ஏன்?' என்பது. அதற்குக் கீழே பதில் இல்லை.